மாத்திரை விலை மட்டும் கணக்கல்ல



சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தக்குழாய்கள் தாறுமாறாகப் பின்னி அமைந்துவிடும். வீக்கம், வலி, ரத்தக்கசிவு. உள்ளே பரவிக் கிடந்தால் அறுவை செய்தும் முழுதாக எடுக்க முடியாது.

இவர்களில் சிலருக்கு இப்போது சிரோலிமஸ் என்ற மருந்து தருகிறார்கள். ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து அது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுத்து வந்தது. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். ரத்தப் பரிசோதனையும் வேண்டும். செலவுதான்.

ஆனால், ஒழுகும் கூரையை நினைத்துப் பாருங்கள். ஓடு மாற்றும் செலவைப் பார்த்து மலைக்கிறோம். மழைக்கு மழை நனைந்த நெல்லைக் கணக்கில் எழுதினோமா?

அப்படித்தான் இதுவும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள், அப்பா இழந்த கூலி, பிள்ளை தூங்காத இரவுகள். அதையும் எழுதுங்கள். மாத்திரை விலை மட்டும் கணக்கல்ல.

எல்லாருக்கும் இது பலிக்காது. நிறுத்தினால் சிலருக்கு வலி திரும்பும். வாய்ப்புண் வரலாம், தொற்று வரலாம். அதனால் சில மாதம் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்தால் தொடர்வதே நியாயம்.

பிள்ளைக்கு வலி வந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.