வைத்தலும் பிடித்தலும்



நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட நாற்று சில நாள் வாடி நிற்கும், பின்னர் நிமிரும். அந்நிலையை உழவர் 'பச்சை பிடித்துவிட்டது' என்பர். பதியம் போட்ட கிளையும் ஒட்டுக் கட்டிய கொம்பும் பிடித்தனவா, இல்லையா என்பதே அவர்தம் கேள்வி. நடுதல் மனிதனின் செயல். பிடித்தல் மண்ணும் பயிரும் கூடிச் செய்வது. இரண்டையும் இருவேறு வினைகளாற் பிரித்துணர்ந்த மொழி தமிழ். மருத்துவமனை வாயிலில் மட்டும் அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. கண்ணில் லென்ஸ் வைத்தார்கள், காலில் பிளேட் வைத்தார்கள், நெஞ்சில் வால்வு வைத்தார்கள் என எல்லாவற்றுக்கும் 'வைத்தல்' ஒன்றே போதுமாக இருக்கிறது. அந்த ஒரு சொல் போதுமா என்பதே இவ்வுரையின் பொருள்.

அயற்பொருள் எதுவாயினும், அது குருதியைத் தொட்ட சில நொடிகளுக்குள் புரதங்கள் அதன்மீது படிகின்றன. பின்னால் வரும் உயிரணுக்கள் காண்பது அப்புரதப் படலத்தையே. எந்தப் புரதம், எவ்வாறு படியும் என்பதைப் பொருளின் மேற்பரப்பு தீர்மானிக்கிறது. ஆகவே வலிமையும் விலையும் எதுவாயினும், உடலோடு முதலிற் பேசுவது மேற்பரப்புத்தான். அழிக்க முடியாத பொருளை உடல் நார்த்திசுவால் உறையிட்டு, ஊர்ப்புறத்தே நிறுத்துவதுபோல் ஒதுக்கிவைக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டுகள் சிதறியபோது, அவற்றின் அக்ரிலிக் துணுக்குகள் இங்கிலாந்து விமானிகள் சிலரின் கண்களிற் பாய்ந்தன. அவை கண்ணைப் பெரிதும் உறுத்தாமற் கிடந்ததை மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949 நவம்பரில், இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே வகைப் பொருளாற் செய்த முதல் உள்விழி லென்ஸை அவர் பொருத்தினார். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து எழுந்த ஆரோலேப் இத்தகைய லென்ஸ்களைக் குறைந்த விலையிற் செய்யத் தொடங்கியபின், சிற்றூர் முதியோர்க்கும் அவ்வொளி எட்டியது. வம்பு செய்யாமல் ஒதுங்கியிருக்கும் பொருளே சிறந்தது என்ற எண்ணம் இத்தகைய வெற்றிகளால் வலுப்பெற்றது.

அவ்வெண்ணத்தைச் சோதித்தது இடுப்பு மூட்டு. 1950களின் இறுதியில் ஆங்கில மருத்துவர் ஜான் சார்ன்லி, தேய்ந்த இடுப்புக் குழிக்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். வழவழப்பானது, எதனோடும் வினைபுரியாதது, குறை சொல்ல இடமில்லாதது எனக் கருதப்பட்ட பொருள் அது. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்திய பின்னரே உண்மை வெளிப்பட்டது. நடக்க நடக்க டெஃப்லான் தேய்ந்தது. தேய்ந்த துகளை உடல் பகையாகக் கருதிச் சீறியது. கட்டியாக இருந்தபோது சாதுவாயிருந்த பொருள், தூளானபோது நஞ்சுபோல் ஆயிற்று. சார்ன்லி அத்தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். டெஃப்லான் செலுத்திய இடம் முடிச்சிட்டது, மற்றது அமைதியாயிருந்தது. 1962 முதல் அவர் அடர்ந்த பாலிஎத்திலீனுக்கு மாறினார்.

ஒதுங்கியிருத்தலுக்கு நேர்மாறான பாடம் சுவீடனிலிருந்து வந்தது. 1952இல் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க், முயலின் எலும்பில் குருதியோட்டத்தை ஆராய்வதற்காக டைட்டானியக் கருவியொன்றைப் பதித்திருந்தார். ஆய்வு முடிந்தபின் அதைக் கழற்ற முயன்றார், இயலவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டவுடனே டைட்டானியத்தின்மீது ஆக்சைடுப் படலமொன்று தானாகவே படர்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் கூறுகளிற் சிலவே அதன் தடிமன். எலும்பு சந்திப்பது அப்படலத்தைத்தான். 1965 முதல் இம்முறையில் மனிதர்க்குச் செயற்கைப் பல்வேர் பதிக்கலாயினர். 1980களில் எலும்பின் கனிமத்தையொத்த ஹைட்ராக்சி அபடைட்டை இடுப்பு மூட்டுத் தண்டின்மீது பூசும் வழக்கமும் வந்தது. அது எலும்பை அழைக்கும் பூச்சு. இங்கு நிகழ்வதைக் குறிக்க 'வைத்தல்' போதாது; உழவரின் 'பிடித்தல்' கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் எல்லாம் பிடிக்கத்தான் வேண்டுமா? இதய வால்வு இக்கேள்விக்கு விடை தருகிறது. 1960களில் அமெரிக்காவில் ஜாக் போக்ரோஸ், அணு உலை எரிபொருள் துகள்களுக்குக் கரிமப் பூச்சிடும் பணியில் இருந்தார். குருதி உறையாத பரப்பைத் தேடிக்கொண்டிருந்த அறுவை மருத்துவர் வின்சென்ட் காட்டுடன் அவர் சேர்ந்தார். அணு உலைக்கெனப் பிறந்த பூச்சு மனித இதயத்துக்குள் புகுந்தது. இது அழைக்கும் பூச்சன்று. குருதியின் கண்ணிற் படாமலிருக்க முயலும் பூச்சு.

இந்தியாவில் அத்தகைய வால்வுகள் இறக்குமதியாகவே வந்தன. ருமாட்டிக் காய்ச்சலால் இதயம் பழுதுற்ற ஏழைச் சிறார்க்கு அவை எட்டாக் கனி. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு உருவாகத் தொடங்கியது. நிமிடத்துக்கு 70 துடிப்பெனக் கொண்டால், வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். முதல் வடிவங்கள் சோதனையிலேயே தோற்றன. செயற்கை நீலமணியாற் செய்த வட்டு டைட்டானியக் கூட்டைத் தேய்த்தது. பின்னொரு வடிவில் அம்மணிவட்டே உடைந்தது. இறுதியில் வென்றது மணியன்று, மென்மையான பிளாஸ்டிக். சார்ன்லியின் இடுப்புக் குழியில் உழைத்த அதே பாலிஎத்திலீன் இனம். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, பின்னர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது.

அந்த வால்வைச் சற்று உற்று நோக்குதல் தகும். அதன் வெளிவளையம் பாலியஸ்டர் துணியால் ஆனது. இதயத்தின் திசு அதனுள் வளர்ந்து இறுக வேண்டும். நடுவிலுள்ள வட்டின்மீதோ எதுவுமே வளரலாகாது. குருதி ஒரு துளியும் அங்கு உறையலாகாது. ஒரே கருவியில் வளையம் பிடிக்க வேண்டும். வட்டு என்றும் பிடிக்காமலே இருக்க வேண்டும். எந்தப் பரப்பும் இதை முழுமையாகச் சாதிக்கவில்லை. அதனாலேயே இத்தகைய வால்வு பெற்றவர் குருதி உறையாமைக்கான மாத்திரையை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொல்லின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. தையல் ஆறி, மூச்சு சீராகி, வயல் வேலைக்கும் திரும்பிய ஒருவர், 'வால்வுதான் நன்றாகப் பிடித்துவிட்டதே, இனி மாத்திரை எதற்கு' என எண்ணுவது இயல்பு. மாத்திரை நின்றால் குருதி உறைந்து வட்டு அசையாமற் போகலாம், உயிரே போகலாம். பல்வேர் பிடித்தது, வால்வின் வட்டு பிடிக்கவில்லை, பொறுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வேறுபாட்டை நோயாளிக்கு அவர் மொழியில் உணர்த்தும் சொல் எங்கே?

அறிவியலாரும் சொல்லைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. உடலுக்கு ஏற்ற பொருளென்றால் தீங்கற்ற பொருள் என்பதே முன்னைய கருத்து. 1986இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரிற் கூடிய அறிஞர்கள் அதைக் கைவிட்டனர். ஒரு பொருள் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பணியில், உடலிடமிருந்து தக்க மறுமொழியைப் பெறுவதே ஏற்புடைமை என்றனர். எலும்பில் தக்கது குருதியில் தகாது. இடமும் பணியும் அறியாமல் ஒரு பொருளை நல்லதென்றோ தீயதென்றோ கூற இயலாது.

இது தமிழ் பயின்றோர்க்குப் புதிய கருத்தன்று. வடசொல் தமிழுக்குள் வரும்போது தன் எழுத்தைக் களைந்து தமிழெழுத்தை ஏற்க வேண்டுமெனத் தொல்காப்பியர் விதித்தார். அவர் திருத்தச் சொன்னது சொல்லின் மேற்பரப்பையே. அவ்வாறு வந்த பல சொற்கள் பிடித்தன. சில வைத்தவையாகவே நிற்கின்றன.

கலைச்சொல்லாக்கம் அகராதிக் குழுவின் வேலை மட்டுமென்று கவிஞர்கள் ஒதுங்கலாகாது. பச்சை பிடித்தலும் பதியமும் எந்தக் குழுவும் ஆக்கிய சொற்களல்ல; வரப்பில் நின்று பார்த்தவர் வாயிற் பிறந்தவை. நெஞ்சுக்குள் ஓயாது திறந்து மூடும் வட்டுக்கும், அதை என்றும் விருந்தாகவே நடத்தும் குருதிக்கும் அத்தகைய சொல் பிறக்க வேண்டும். அச்சொல்லைக் கேட்ட ஒருவர் மறுநாளும் மறவாமல் மாத்திரையை எடுத்துக்கொண்டாரென்றால், அச்சொல் பிடித்துவிட்டது என்று பொருள்.