ஒளிப்படக் கலைஞரும் கைத்தொலைபேசிக் கருவிகளும்

1941 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாம் திகதி, மாலைப் பொழுது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே, ஹேர்னாண்டெஸ் என்னும் சிற்றூரின் அருகாக ஒரு மோட்டார் வண்டி சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர் அன்சல் அடம்ஸ் என்னும் ஒளிப்படக் கலைஞர். மறையும் கதிரவனின் கடைசி ஒளி ஊர்த் தேவாலயத்தை அடுத்த மயானத்தின் சிலுவைகள் மீது வீழ்ந்து அவற்றை வெண்மையாக ஒளிரச் செய்தது. கிழக்கே, பனிமலைகளுக்கும் மேகத் திரளுக்கும் மேலே, முழுமையை அண்மித்த நிலவு எழுந்து நின்றது.

அடம்ஸ் வண்டியை நிறுத்தினார். பெரிய கமராவை விரைந்து பொருத்தினார். ஒளியை அளக்கும் மானியைத் தேடினார், அஃது அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுதிரி என்னும் கணக்கு மாத்திரம் அவர் நினைவில் இருந்தது. அதனைக் கொண்டு மனக்கணக்காகவே அளவு கண்டு, ஒரு விநாடி நேரம் ஒளி புகவிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தஞ் செய்யும் முன்னரே சிலுவைகளை விட்டு ஒளி அகன்றுவிட்டது. எஞ்சியது அந்த ஒரே படந்தான். இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒளிப்படங்களுள் ஒன்றாக அஃது இன்றும் போற்றப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து பார்ப்பவர்க்கு நான்கு குறைகள் புலப்படும். நிலவு எங்கே, எப்பொழுது எழும் என்பதை அடம்ஸ் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. ஒளிமானி கைக்கு எட்டவில்லை. எடுத்த படத்தை அச்சிடுவதோ மிகக் கடினமாயிருந்தது. படம் எடுத்த திகதியை அவர் குறித்து வைக்கவும் இல்லை. இந்நான்கு குறைகளையும் போக்கும் கருவிகள் இன்று ஒரு மாணவனின் சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டன. கைத்தொலைபேசியிலே ஏற்றிப் பயன்படுத்தும் சிறு மென்பொருளைச் செயலி என்று வழங்குகின்றோம். ஒளிப்படத்துக்கென வெளிவரும் செயலிகள் எண்ணிறந்தன. எது வேண்டும், எது வேண்டா என்று தெளிவதற்கு, அடம்ஸின் நான்கு குறைகளே நல்ல அளவுகோலாகும்.

முதலாவது, கதிரவனும் நிலவும் நிற்கும் இடத்தை முன்கூட்டி அறிதல். போட்டோபில்ஸ், சன் சேர்வேயர் ஆகிய செயலிகள் இதற்கென்றே அமைந்தவை; இவை விலைக்குக் கிடைப்பன. ஓரிடத்தையும் ஒரு நாளையும் குறித்துக் கொடுத்தால், கதிரவன் எத்திசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை வரைபடத்தின் மேல் கோடிட்டுக் காட்டுகின்றன. கணினி உடையோர் ஸ்டெலாரியம் என்னும் மென்பொருளை விலையின்றிப் பெற்று, எந்த ஊரின் வானத்தையும் எந்த நாளுக்கும் திரையிலே காணலாம்.

இக்கணிப்பு இலங்கையில் வாழ்வோர்க்குச் சிறப்பாக வேண்டப்படுவது. அதற்குக் காரணம் உண்டு. காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் பொன்னொளி நிலவும் என்று ஐரோப்பியர் எழுதிய கைந்நூல்கள் கூறும். இலண்டன் நகரிலே ஆனி மாதத்துக் கதிரவன் சரிந்து சரிந்து இறங்குவதனால் அக்கூற்று அவ்விடத்துக்குப் பொருந்தும். யாழ்ப்பாணமோ வட அகலக்கோடு ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. அங்கே கதிரவன் ஏறக்குறைய நிலைக்குத்தாகவே இறங்குகின்றது. அடிவானத்துக்கு 6 பாகை மேலே நிற்கும் கதிரவன் மறைவதற்கு ஏறத்தாழ 25 நிமிடங்களே செல்லும். மேனாட்டு நூலை நம்பி ஆறுதலாகப் புறப்படுபவர் கடற்கரையை அடையும் போது ஒளி போய்விட்டிருக்கும்.

அவ்வாறே சித்திரை பிறக்கும் நாட்களிலும் ஓகஸ்ட் மாத இறுதியிலும் யாழ்ப்பாணத்து உச்சிப்பொழுதில் கதிரவன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அவ்வேளையில் எடுக்கும் முகப்படத்திலே கண்கள் குழிந்து இருண்டு தோன்றும். கிழக்கு நோக்கிய கோபுரத்தின் முகப்பை எடுக்க விரும்புவோரும் ஒன்றைக் கருதவேண்டும். மார்கழியில் கதிரவன் நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே விலகி உதிக்கும். ஆனியிலே அவ்வளவே வடக்கே விலகும். எந்த மாதத்தில் எப்பக்கத்துச் சிற்பங்களில் நிழல் விழும் என்பதை வீட்டிலிருந்தபடியே செயலியிற் கண்டு கொள்ளலாம்.

இரண்டாவது, ஒளியை அளத்தல். இன்றைய கைத்தொலைபேசி ஒளியைத் தானே அளந்து படம் எடுத்துவிடும். ஆனால் அஃது எதனையும் நடுத்தரமான ஒளியாக்கிக் காட்டவே முயலும். வெள்ளை உடுத்த பாடசாலைப் பிள்ளைகள் சாம்பல் நிறமாகத் தோன்றுவதும், கரிய யானை வெளிறித் தோன்றுவதும் இதனாலேயே. ஓபன் கமரா என்னும் செயலி அன்ட்ரொயிட் வகைக் கைத்தொலைபேசிகளுக்கு விலையின்றிக் கிடைப்பது. தொலைபேசியின் அமைப்பு இடந்தருமாயின், ஒளி புகும் நேரத்தையும் உணர்திறனையும் எடுப்பவரே தீர்மானிக்க அஃது உதவும். படத்தின் இருளும் ஒளியும் எவ்வாறு பரந்துள்ளன என்பதை ஒரு சிறு வரைபாகவும் காட்டும். அவ்வரைபு வலப்புற எல்லையில் முட்டி நின்றால், வெண்மையான பகுதிகள் விவரமிழந்து வெறுமையாகிவிட்டன என்பது பொருள். அதனைக் கண்டு ஒளியைச் சற்றுக் குறைத்தெடுக்கப் பழகிய மாணவன், அடம்ஸின் மனக்கணக்குக்கு ஒரு படி அண்மையில் வந்துவிட்டான் எனலாம்.

மூன்றாவது, எடுத்த படத்தைப் பண்படுத்தல். ஹேர்னாண்டெஸ் படத்தை அடம்ஸ் ஒருமுறை அச்சிட்டு விட்டுவிடவில்லை. பல ஆண்டுகளாக, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை இருட்டறையிலே அச்சிட்டார். தொடக்க காலத்துப் பிரதிகளில் வானம் வெளிறி மேகங்களுடன் காணப்படும். பிற்காலத்துப் பிரதிகளிலோ அது கரிய பட்டுப் போல் இருண்டிருக்கும். 1948 ஆம் ஆண்டில், முன்புறத்து நிலத்தைத் தெளிவாக்கும் பொருட்டு, அந்த ஒரே மூலத்தகட்டையே இரசாயனக் கரைசலில் நனைக்கத் துணிந்தார். கை தவறியிருந்தால் அப்படம் உலகுக்கு இல்லாது போயிருக்கும்.

இன்று அந்த அச்சம் வேண்டியதில்லை. தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர் ஆக்கிய போட்டோசொப் 1990 ஆம் ஆண்டில் வெளிவந்ததிலிருந்து இருட்டறையின் வேலை கணினிக்கு வந்துவிட்டது. அதற்குச் சந்தாப் பணம் செலுத்த இயலாதோர்க்குக் கிம்ப், டார்க்டேபிள் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. கைத்தொலைபேசியிலே ஸ்னாப்சீட் என்னும் விலையில்லாச் செயலி, படத்தின் ஒரு பகுதியை மாத்திரம் தொட்டு இருட்டவும் ஒளிரச் செய்யவும் வல்லது. அடம்ஸ் அட்டைத் துண்டுகளால் ஒளியை மறைத்துச் செய்த வேலையை இங்கே விரல் நுனி செய்கின்றது.

இவ்விடத்தில் இரண்டு சொற்களை நினைவில் இருத்துதல் நன்று. ஜேபெக் என்னும் கோப்பு, படத்தைச் சுருக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளை மட்டும் வைத்திருப்பது. ரோ என்னும் மூலக்கோப்பு, கமரா கண்டதைச் சுருக்காமல் காப்பது. 14 இரும எண்கள் கொண்ட கமராவாயின் 16,384 படிகள் அதில் அடங்கும். இருண்ட பகுதியை மீட்டெடுக்க விரும்புவோர் மூலக்கோப்பிலேயே படமெடுக்க வேண்டும். டார்க்டேபிள் போன்ற மென்பொருள் அம்மூலத்தைத் தொடுவதில்லை. செய்யவேண்டிய மாற்றங்களை வேறொரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றது. எத்தனை முறை பிழைத்தாலும் மூலம் பழுதுறாது.

ஆயினும் எளிதாகச் செய்யக்கூடியதெல்லாம் செய்யத்தக்கதாகாது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து நஷனல் ஜியோகிரபிக் இதழின் அட்டையிலே எகிப்தின் பிரமிட்டுகள் இரண்டு, அட்டையின் அளவுக்குப் பொருந்தும்படி கணினியால் அண்மையாக நகர்த்தப்பட்டன. அது பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இன்றோ, வேண்டாத ஆளை நீக்குவதும் இல்லாத மேகத்தைச் சேர்ப்பதும் ஒரு பொத்தானை அழுத்தும் அளவில் முடிகின்றன. வானத்தை இருட்டுவது கலைஞனின் உரிமை எனலாம். செய்திப் படத்திலே ஓர் ஆளை மறைப்பது பொய்ச் சாட்சியம். இந்த ஐயத்தைப் போக்கும் நோக்குடன் சில நிறுவனங்கள் 2021 ஆம் ஆண்டில் ஒன்றுகூடி, படம் எங்கே தோன்றியது, எவ்வாறு மாற்றப்பட்டது என்பதைப் படத்துடனேயே முத்திரையிட்டு வைக்கும் முறையொன்றை வகுக்கத் தொடங்கின. 2023 இல் வெளிவந்த லைக்கா எம் 11 பி என்னும் கமரா அம்முத்திரையை எடுக்கும் போதே பதிக்கின்றது.

நான்காவது குறை திகதி பற்றியது. தம் புகழ்பெற்ற படத்துக்கு அடம்ஸ் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆண்டுகளைக் கூறி வந்தார். பின்னர் டேவிட் எல்மோர் என்னும் அறிஞர், படத்திலே நிலவு நிற்கும் நிலையைக் கணினி கொண்டு ஆராய்ந்து, 1941 ஒக்டோபர் 31 ஆம் திகதி மாலை என்று முடிவு கூறினார். அடம்ஸும் அதனை ஏற்றுக்கொண்டு 1984 இல் காலமானார். ஆனால் 1991 இல் டெனிஸ் டி சிக்கோ என்பவர், கமரா நின்ற இடத்தை இன்னும் திருத்தமாகக் கண்டு மறுபடி கணித்தபோது, நவம்பர் முதலாம் திகதி மாலை 4 மணி 49 நிமிடம் என்னும் விடை வந்தது. இடத்தைத் தவறாகக் கொடுத்தால் கணினியும் தவறாகவே விடை கூறும். எடுத்தவரோ தம் படத்தின் சரியான நாளை அறியாமலே கண்மூடினார்.

இன்று எடுக்கப்படும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் நாளும் நேரமும் எழுதப்படுகின்றன. அனுமதித்தால் இடமும் எழுதப்படும். எக்சிப் என்பது இக்குறிப்பின் பெயர். வட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து இக்குறிப்பு நீங்கிவிடுகின்றது, படமும் சுருங்கிவிடுகின்றது. பாதுகாக்க வேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் இரண்டும் தப்பும். பிள்ளைகளின் படத்தைப் பலர் காண வெளியிடுவோர் இடக்குறிப்பை நீக்கிவிடுதல் அறிவுடைமை.

இங்கேதான் இக்கருவிகளின் பெரும் பயன் ஒவ்வொரு வீட்டையும் வந்து சேர்கின்றது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி இத்தீவின் கரையோரத்தை ஆழிப்பேரலை தாக்கியபோது, வீடுகளுடன் படத்தொகுப்புகளும் போயின. இறந்தவரின் முகத்தை எஞ்சியோர்க்குக் காட்ட ஒரு படமேனும் மிஞ்சாத இல்லங்கள் இருந்தன. 2011 மார்ச் மாதத்தில் ஜப்பானைப் பேரலை தாக்கிய பின்னர், தொண்டர்கள் சேற்றிலே கிடந்த படங்களைப் பொறுக்கிக் கழுவி உலர்த்தி உரியவரிடம் சேர்ப்பிக்க முயன்றனர். சோறும் கூரையும் தேடிய அந்நாட்களிலும், மக்கள் படங்களைத் தேடி வந்தனர்.

ஆகவே பழைய படத்தொகுப்பு வைத்திருப்போர் அதனைப் பெட்டியில் இருந்து எடுப்பாராக. கூகிளின் போட்டோஸ்கான் என்னும் செயலி, பளபளப்பை நீக்கிப் பழைய படங்களைப் படியெடுக்க உதவும். ஆனால் அவ்வாறு எடுத்த பிரதி இன்றைய திகதியையே தாங்கி நிற்கும். 1958 இல் நடந்த திருமணம் இவ்வாண்டுப் படமாகிவிடும். டிஜிகாம் என்னும் விலையில்லா மென்பொருளிலே உண்மைத் திகதியையும், படத்தில் உள்ளோரின் பெயர்களையும் எழுதி வைக்கலாம். பெயர் சொல்லவல்ல பாட்டியார் உயிருடன் இருக்கும் போதே இதனைச் செய்துவிட வேண்டும். அவருக்குப் பின் எந்தச் செயலியாலும் அப்பெயர்களைக் கூற இயலாது.

எழுதிய பின் பிரதிகள் வைத்தல் அடுத்த கடமை. பீற்றர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி எளியது: பிரதிகள் 3, ஊடகங்கள் 2, வீட்டுக்கு வெளியே 1. தொலைபேசியில் ஒன்று, வன்தட்டில் ஒன்று, வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என்று கொள்ளலாம். இணையச் சேமிப்பை மட்டும் நம்புதல் கூடாது. கூகிள் நிறுவனம் எல்லையின்றி இலவசமாக அளித்து வந்த இடத்தை 2021 யூன் முதலாம் திகதியுடன் மட்டுப்படுத்தியதை நேயர்கள் பலர் அறிவர்.

ஹேர்னாண்டெஸ் ஊரின் அருகே அடம்ஸ் இழந்தவற்றை இக்கருவிகள் இன்று தந்துவிடும். நிலவின் நேரத்தைக் கூறும், ஒளியை அளக்கும், வானத்தை இருட்டும், நாளைக் குறித்து வைக்கும். வீதியோரத்தில் வண்டியை நிறுத்தியது அவர் கண். அதனை ஒவ்வொருவரும் தாமே பயிற்றிக்கொள்ள வேண்டும். எடுத்த படத்துக்குப் பெயரும் நாளும் எழுதி, மூன்று இடங்களில் வைக்கும் பொறுப்பும் அவ்வாறே அவரவர்க்கு உரியது. இன்றிரவே ஒரு பழைய படத்தை எடுத்து, அதிலுள்ளோர் யாரென வீட்டிலே மூத்தவரிடம் கேட்பவர், இப்பணியைத் தொடங்கிவிட்டவராவார்.