பழைய பிக்கப் வண்டி ‘மிஸ்’ அடித்தல்
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



பயிர்ச்செய்கை பற்றிப் பேசவேண்டிய இடத்தில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. நேரத்துக்கு மருதனார்மடம் சந்தையைச் சென்றடையாத கத்தரிக்காய் என்ன விலைக்குப் போகுமென்பதை நீங்கள் அறிவீர்கள். எனினும், ‘வண்டி மிஸ் அடிக்கிறது’ என்று கூறிக்கொண்டே மாதக்கணக்காக அதனை ஓட்டுவோர் நம்மிடையே பலர் உளர். எரியாத பெற்றோல், சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். சிறு செலவோடு தீரவேண்டிய குறை எஞ்சினையே பிரிக்கும் நிலைக்குக் கொண்டுவரும்.

நீரிறைக்கும் இயந்திரத்துக்குச் சிலிண்டர் ஒன்றே. அதில் தீப்பொறி அற்றுப்போனால் இயந்திரம் நின்றுவிடும். மொறிஸ் மைனர் போன்ற நான்கு சிலிண்டர் வண்டியிலோ, ஒன்று சோர்ந்தாலும் மற்றைய மூன்றும் இழுத்துச் செல்வதால் நோய் மறைந்து கிடக்கும். ஆகவே, எப்பொழுதும் ஒரே சிலிண்டர்தான் தவறுகின்றதா, அன்றி எல்லாம் மாறிமாறித் தவறுகின்றனவா என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையில் வேறொரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினில் நன்கு படும்படி வைத்து, மீண்டும் இயக்குக. பெற்றோல் கசிவு உள்ள இடத்தில் இதனைச் செய்யலாகாது. ஓட்டம் மேலும் தளர்ந்தால் அச்சிலிண்டர் நலமுடையது. மாற்றம் எதுவும் தெரியாவிடின் அதுவே குற்றவாளி. பொயின்ற் உள்ள பழைய எஞ்சின்களுக்கே இம்முறை பொருந்தும்; மின்னணுப் பற்றவைப்பு உள்ள புதிய வண்டிகளில் இதனைச் செய்யவேண்டாம்.

இனி, அந்தச் சிலிண்டரின் பிளக்கை அடுத்ததன் பிளக்கோடு இடம் மாற்றுக. குறையும் உடன் சென்றால் பிளக்கே பழுது. செல்லாவிடின் வயரை மாற்றிப் பார்க்கவேண்டும். ஒரு முறைக்கு ஒரு பொருளையே மாற்றுக. இலை மஞ்சளித்தவுடன் கையில் அகப்பட்ட பசளையையெல்லாம் இடாமல், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கிறோமன்றோ?

எனக்குத் தெரிந்த வெங்காயச் செய்கையாளர் ஒருவர் பிளக் நான்கையும் மாற்றினார், கொயிலை மாற்றினார், காபரேற்றரையும் இருமுறை கழுவுவித்தார். ஈற்றில் பார்த்தபோது மூன்றாம் வயர் டிஸ்ரிபியூற்றர் மூடியிற் செருகும் இடத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. உப்புக்காற்றும் மார்கழி ஈரமும் உள்ள நமது குடாநாட்டில் அம்மூடியை உட்புறமும் துடைத்து, மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோவென வெளிச்சத்திற் பார்ப்பது பயனுடையது.

தவறுதல் எல்லாச் சிலிண்டர்களிலும் அலைந்தால், பொதுவானவற்றையே ஐயுறவேண்டும்: பொயின்ற், கொண்டென்சர், கொயில், எரிபொருள். மொறிஸ் மைனர் 1000 வகைக்குப் பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. பிளக்குக்கு 25 பங்கு. சூடேறிய பின்னரே குறை தோன்றினால் கொயிலையும் கொண்டென்சரையும் பார்க்கவும்.

1990ஆம் ஆண்டின் பின் எரிபொருட் தடை நிலவிய காலத்தில், சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியதை மூத்தோர் மறந்திரார். அன்று வேறு வழியில்லை. ஆனால் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பிளக்கிற் கரி படியும், எஞ்சின் தட்டும், நாளடைவில் வளையங்களும் வால்வுகளும் கெடும். செலவு குறையுமென இன்றும் அதனைக் கலப்போர், வேறெதையும் தொடுமுன் அப்பழக்கத்தை நிறுத்திப் பார்ப்பாராக.

பிளக்கும் வயரும் மூடியும் சரியாயிருந்தும் அதே சிலிண்டர் தவறினால் அமுக்கத்தைச் சோதிக்கவேண்டும். சாவியை மூடி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பிளக்கிட்டுக் கைப்பிடியாற் சுற்றுக. பெருவிரலை ஏனைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக் கீழிருந்து மேலாக இழுக்கவேண்டும். எதிர்ப்புக் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டதும் இறுக்கம் கூடினால் வளையம் தேய்ந்துள்ளது. கூடாவிடின் வால்வு சரியாக மூடவில்லையெனக் கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டும் தளர்ந்திருப்பின் தலை காஸ்கெற்றை ஐயுறுக. இவை மெக்கானிக்கின் கைக்குரியவை. அவரிடம் செல்லும்போது எத்தனையாம் சிலிண்டர் என்பதையும், எவற்றை மாற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.