கையில் ஒரு வேலை

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். உங்களில் சிலர் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருக்கும். யோங் பெங் பக்கம் ஒரு துயர் துடைப்பு மையத்துக்கு மனநல ஆலோசகராகப் போயிருந்தேன். மண்டபத்து மூலையில் ஒரு பாட்டி. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர். சாமிப் படத்திலிருந்து தையல் மிஷின் வரை எல்லாம் போய்விட்டது. பாயில் சுருண்டு கிடந்தார், பசியாறக்கூட எழவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமையலுக்கு ஆள் போதவில்லை. மலாய்க்காரப் பெண்மணி ஒருவர் வெங்காயக் கூடையையும் கத்தியையும் பாட்டி முன்னால் வைத்து, "தோலோங், மாக்சிக்" (உதவுங்கள், அம்மா) என்றார். பாட்டி கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகினார். சாயங்காலம் குழம்புக்கு உப்புப் பார்த்ததே அவர்தான். மறுநாள், "வெங்காயத்த இப்படியா அரியிறது?" என்று இளம்பெண்களை அதட்டிக்கொண்டிருந்தார். அழுகை நிற்கவில்லை. ஆனால் சாப்பிட்டார், தூங்கினார்.

அந்தப் பாட்டியைப் பார்த்தபோது, நான் படித்த காலத்துப் பாடநூல் ஒன்று நினைவுக்கு வந்தது. அதில் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் நடத்திய ஆய்வு இருந்தது. தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு வழி இருந்தும் முயலாமல் படுத்துவிட்டன. கையாலாகாத்தனம் கற்றுக்கொள்ளப்படுவது என்று தேர்வில் எழுதினோம். 2016-இல் அதே இருவரும் மூளை ஆய்வுகளைக் கொண்டு அதைத் தலைகீழாக்கினார்கள். நெடுந்துன்பத்தில் முடங்குவது உயிரின் இயல்பு. நம்மாலும் ஏதோ செய்ய முடியும் என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. பாட்டிக்கு அதைக் கற்றுத் தந்தது அந்த வெங்காயக் கூடை. ஆகவே, முடங்கிக் கிடப்பவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள்.

1998-இல், மனிதரின் பலங்களை ஆராயும் நேர்மறை உளவியலை முன்னெடுத்தவரும் இதே செலிக்மன்தான். எந்நேரமும் சிரித்த முகமாக இருக்கச் சொல்லும் பாடமல்ல அது. வேலை விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் முடங்கிப்போகும் மாதங்கள் உங்களுக்கும் வரும். அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். அப்பாவின் மோட்டாரைக் கழுவி வையுங்கள். அன்றைக்குள் முடிகிற வேலையாக இருக்கட்டும்.

எல்லாத் துயரமும் வெங்காயம் அரிந்து தீராது. நம் நாட்டில் பெரியவர்களிடையே மனச்சோர்வு 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். அது நோய், மருத்துவரிடம் போக வேண்டும். தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது. உதவி கேட்க இனி எவரும் அஞ்ச வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்கள் நண்பருக்குத் தேவைப்படலாம். மண்டபத்தை விட்டுப் போகுமுன் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.