ஊர்திகளின் உரையாடலுக்கு ஒரு நெறி

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஊர்திகள் வானொலி அலைகள் மூலம் ஒன்றையொன்று எச்சரிக்குமாயின் இத்தகைய இழப்பைக் குறைக்க இயலும். ஆனால், கருவியைப் பொருத்துவது மட்டும் போதாது. அனைத்து ஊர்திகளுக்கும் பொதுவான அலைவரிசையில் எது, எப்பொழுது பேசுவது என்பதே அவையோர் சிந்திக்க வேண்டிய வினா.

இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, கேட்டபின் பேசும் முறை. 2010இல் ஏற்கப்பட்ட 802.11பி என்னும் தரம் இதனைப் பின்பற்றுகிறது. அலைவரிசை ஓய்ந்திருந்தால் ஊர்தி தன் செய்தியை அனுப்பும். இல்லையேல் சற்றுப் பொறுத்து முயலும். இதற்கு மைய நிலையம் தேவையில்லை. ஆயினும், நெரிசல் மிக்க சந்திப்பில் ஒவ்வோர் ஊர்தியும் வினாடிக்குப் பத்து முறை தன் இடத்தையும் வேகத்தையும் அறிவிக்கும்போது செய்திகள் மோதிச் சிதைகின்றன. கட்டடத்தின் இருபுறமும் வரும் ஊர்திகள், ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேளாமையால், ஒரே கணத்தில் பேசிவிடுவதும் உண்டு. எல்லோருக்குமான அறிவிப்பாதலின், செய்தி கிடைத்தது என்னும் மறுமொழி வருவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தியோ ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகிறது.

இரண்டாவது, காலத்தைப் பங்கிடும் முறை. கப்பல்களின் தானியங்கி அடையாள அமைப்பில் ஒவ்வோர் அலைவரிசையிலும் ஒரு நிமிடம் 2,250 கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. பெரிய கப்பல்கள் தமக்குரிய கூறுகளைத் தாமே முன்பதிவு செய்கின்றன. 2020இல் இந்திய ரயில்வே தேசிய அமைப்பாக ஏற்ற 'கவச்' பாதுகாப்பு அமைப்பின் வானொலித் தொடர்பும் காலப் பங்கீட்டையே சார்ந்தது. இங்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம் என்பது முன்னரே தெரியும்.

2017இல் உருவான செல்பேசி வழித் தரம் இவ்விரண்டையும் இணைக்க முயல்கிறது. ஊர்தி ஒரு வினாடி நேரம் அலைவரிசையைக் கவனித்து, ஒழிந்த கூற்றைத் தேர்ந்து, சில முறை அதனையே பயன்படுத்துகிறது. ஆனால் 802.11பி கருவியும் இக்கருவியும் ஒன்றன் மொழியை மற்றொன்று அறியா. அருகருகே சென்றாலும் அவை ஊமையும் செவிடுமே.

அமெரிக்கா 1999இல் இப்பணிக்கு 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. 2020இல் அதில் 45 மெகாஹெர்ட்சை வேறு பயனுக்கு மாற்றி, எஞ்சிய பகுதியில் செல்பேசி வழித் தரத்துக்கு மாற முடிவு செய்தது. நெறியை முதலிலேயே உறுதி செய்யாவிடில் முதலீடு வீணாகும் என்பதே இதன் பாடம்.

பேருந்து, லாரி, ஆட்டோ, இரு சக்கர ஊர்தி ஆகியவை நெருங்கிச் செல்லும் நம் சாலைகளில் சராசரி வேகம் உரைகல் ஆகாது. மிகக் கடும் நெரிசலிலும் மிகத் தாமதமான செய்தி உரிய நேரத்தில் சேர்கிறதா என்பதே உரைகல். அவ்வாறு சோதித்தறிந்த ஒரே நெறியை அரசு முன்கூட்டியே வகுத்தல் இன்றியமையாதது.