திரும்பிப் பார்க்க வைக்கும் சத்தம்

(குறுவளமையக் கூட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு சாலைப் பாதுகாப்பு. தலைக்கவசம், வேகம், சிக்னல் பற்றியெல்லாம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை முறுக்கி, தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கிறார்களே, அந்தச் சத்தம்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏற்காடு ஒண்டிக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சுற்றுலா வண்டிகளால் சாலை நிறைந்திருந்தது. கூட்டத்தின் நடுவே ஒரு பைக் நின்றது. சைலன்சரை மாற்றிய வண்டி. ஓட்டியவன் நின்றபடியே மூன்று முறை முறுக்கினான். பட்டாசு வெடித்ததுபோல இருந்தது. தலைச்சுமையோடு சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பாட்டி பதறிப் பின்வாங்கினார். விழப்போனவரைப் பக்கத்தில் நின்ற பழக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

அந்த இளைஞன் என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி, "வணக்கம் சார்" என்றான். என்னிடம் படித்தவன்.

"ஏம்ப்பா இவ்வளவு சத்தம்?"

"அப்பத்தான் சார் எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்று சிரித்தான்.

"அந்தப் பாட்டி விழப் பார்த்தாங்களே?"

"எந்தப் பாட்டி சார்?"

அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவனுக்கு எதிரே வந்தவர் கண்ணில் படவில்லை. சாலை ஒழுக்கம் பற்றி நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பிறரைப் பார்ப்பதும் பிறருக்குக் காது கொடுப்பதும்தான் அந்த ஒழுக்கம். மற்ற விதிகளெல்லாம் அதிலிருந்து வருபவை.

அன்று மாலை 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி சேலம் வரும்வரை அவனைப் பற்றித்தான் யோசித்தேன். இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் இருந்தான். கடைசி வரிசை. நன்றாகப் படிப்பவனும் இல்லை, தொல்லை கொடுப்பவனும் இல்லை. வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது தவிர வேறு எப்போதாவது அவன் பெயரை நான் சொல்லியிருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சைலன்சரை மாற்றியது அவன் தவறுதான். ஆனால் அவனைத் திரும்பிப் பார்க்காதவர்களில் நானும் ஒருவன்.

இன்று மாணவர்களின் கவனத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே தாமலில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பைக் காணொளிகளால் புகழ்பெற்ற யூடியூபர் டிடிஎஃப் வாசன் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விபத்துக்குள்ளானார், கைது செய்யப்பட்டார். அக்டோபரில் அவரது ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, அந்தக் காணொளிகளைப் பார்க்கும் இளைஞர்களைக் குறித்துக் கவலை தெரிவித்தார். அதே மாதம் வாசனின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. நவம்பரில் ஜாமீன் கிடைத்தது. விலை உயர்ந்த பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால் அவர் உயிர் பிழைத்தார். அவரைப் பார்த்து வண்டியைத் தூக்க நினைக்கும் நம் மாணவனிடம் இருப்பது பள்ளிச் சீருடையும் அப்பாவின் பைக்கும்தான்.

மலைச் சாலையில் இந்தச் சத்தம் இன்னும் ஆபத்தானது. வளைவுக்கு அப்பால் வருவது கண்ணுக்குத் தெரியாது. காதால்தான் அறிய வேண்டும். அதற்காகத்தான் வளைவுக்கு முன் ஒரு முறை ஹாரன் அடிக்கிறோம். தன் வண்டியின் இரைச்சலில் மூழ்கியவனுக்கு மேலிருந்து இறங்கும் பேருந்தின் ஹாரன் கேட்காது. செங்குத்தான குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பதும் விதி. சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்களை ஒட்டிக் காட்டெருமைகளும் சாலைக்கு வருகின்றன. மிரண்ட மிருகம் எந்தப் பக்கம் பாயும் என்று யார் சொல்ல முடியும்?

சட்டத்தையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கியர் வண்டி ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. நம் மாணவர்கள் ஓட்டிவரும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 199ஏ பிரிவு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது. 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பல பெற்றோருக்கு இது தெரியாது.

ஆனால் அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிடப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வது மனதில் நிற்கிறது. பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தின்போது நான் சைலன்சரை எடுத்துக்கொள்கிறேன். எஞ்சினிலிருந்து அழுத்தத்தோடு வெளியேறும் புகை ஒவ்வொரு துடிப்பிலும் ஓர் ஒலியலையை உண்டாக்குகிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் அந்த அலைகளைத் திருப்பி மோதவிட்டு, ஒன்றை ஒன்று அழிக்கச் செய்கின்றன. அதைக் கழற்றினால் சத்தம்தான் கூடும், வேகம் அல்ல. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குப் பகல் நேர வரம்பு 50 டெசிபல். 80 டெசிபல் என்றால் அதைவிட எத்தனை மடங்கு என்று கேட்டேன். "ஒன்றரை மடங்கு" என்றார்கள். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலிச்செறிவு 10 மடங்காகும். ஆகவே 1,000 மடங்கு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டியதும் வகுப்பு அமைதியானது.

அடுத்து, அந்தச் சத்தத்தைக் கேட்பவர் யார் யார் என்று எழுதச் சொன்னேன். தொட்டில் குழந்தை, இரவு வேலை முடித்துத் தூங்கும் அப்பா, இதய நோயுள்ள தாத்தா, சாலையோர மாடு என்று பட்டியல் வந்தது. ஒரு மாணவி "ரோட்டைக் கடக்கிற பாட்டி" என்று எழுதியிருந்தாள். ஒண்டிக்கடை நிகழ்ச்சியை நான் வகுப்பில் சொல்லவே இல்லை.

நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். மணி அடித்துவிடுமோ என்று ஹாரனில் கைவைத்தபடி, தலைக்கவசத்தை டேங்க் மேல் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நுழைந்த நாள்கள் எனக்கும் உண்டு. வாசலில் நிற்கும் பிள்ளைகள் அதைத்தான் முதல் பாடமாகப் படிக்கிறார்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் கடைசி வரிசையில் சத்தமே போடாத ஒரு மாணவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். அவன் பதில் சொல்லும்போது வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்க்கட்டும்.