நாணயங் காட்டும் மணவாழ்வு

(கண்டாவளையில் நடைபெற்ற எமது மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உரோமரின் காசுகள் நமக்குப் புதியனவல்ல. மிளகுக்கும் மணிகளுக்கும் விலையாக வந்த அவர்தம் வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டிற் புதையல்களாகக் கிடைத்துள்ளன. பிற்காலத்து உரோமச் செப்புக் காசுகள் நம் ஈழத்திலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது, ஓர் அரச திருமணத்தைப் போற்றி உரோமாபுரியில் அடித்த வெள்ளிக் காசொன்றாகும்.

கி.பி. 202 இல், சக்கரவர்த்தி செவெரசின் மகன் கரகல்லா, காவற்படைத் தலைவர் புளோத்தியானுவின் மகள் புளோத்தில்லாவை மணந்தான். அக்காசின் ஒரு புறம் மணமகளின் முகம். மறுபுறம் மணமக்கள் வலக்கை பற்றி நிற்கின்றனர். நம் பாணிக்கிரகணமே நினைவுக்கு வருகின்றது! சுற்றிலும் ‘நிலையான ஒற்றுமை’ எனும் பொருள்பட இலத்தீன் எழுத்து.

சீதனமோ ஐம்பது அரசகுமாரிகளுக்குப் போதுமானது என்று எழுதுகிறார், அக்காலத்தவரான வரலாற்றாசிரியர் தியோ காசியு. அப்பொருள்கள் நகர்நடுவே அரண்மனைக்குச் சென்றதைக் கண்ணாற் கண்டவர் அவர்.

மணமகனுக்கு வயது 14. தந்தையின் கட்டாயத்துக்காக மணந்தவன், மனைவியோடு உடனிருந்து உண்ணவும் மறுத்தான் என்பர். 205 இல் மாமனைக் கொல்வித்தான். புளோத்தில்லா லிப்பாரித் தீவுக்கு நாடு கடத்தப்பட்டாள். 211 இல் செவெரசு இறந்த பின்னர் அவளும் கொல்லப்பட்டாள். உரோமாபுரியில் 204 இல் எழுந்த வாயிலொன்றில் இருந்த அவளுடைய உருவத்தையும் சிதைத்தகற்றினர். காசில் மட்டும் அவர்கள் கைகோத்தபடியே நிற்கின்றனர்!

பாரத நாட்டிலும் ஒரு மணக்காசு உண்டு. குப்தப் பேரரசன் முதலாம் சந்திரகுப்தனும் அரசி குமாரதேவியும் எதிரெதிரே நிற்கும் பொற்காசு அது. அதில் அரசியின் பெயரும், மறுபுறம் அவள் பிறந்த லிச்சவி குலத்தின் பெயரும் உள. பெண்ணையும் அவள் பிறந்த குலத்தையும் மதித்ததற்கு அது சான்று.

அன்பர்களே! செவெரசு காலத்துக் காசில் ஏறக்குறையப் பாதியே வெள்ளி, மிகுதி செம்பு. மேலே மின்னியது, உள்ளே கலப்பு. அந்த மணமும் அவ்வாறே. சீதனத்தை எண்ணிப் பேசி, பந்தலை அலங்கரித்து, மணமக்களின் மனத்தை மட்டும் கேளாது விடும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று யார் துணிந்து கூறுவார்?

பெரியோர்களே, திருமணம் பேசி முடிக்கும் முன் பிள்ளைகளின் மனத்தைக் கேளுங்கள். இளைஞர்களே, வீடும் வயலும் கேட்டு நீட்டும் கை, அக்கினி சாட்சியாகப் பெண்ணின் கையைப் பற்றத் தகுதியுடையதா? சிந்தியுங்கள். காசை நாணயம் என்கிறோம்; நேர்மையையும் நாணயம் என்கிறோம். மணவாழ்வுக்கு வேண்டியது இரண்டாவது நாணயமே.